தலவாக்கலையில் சீன் போட்ட கதை

கொழும்புக்குத் திரும்பி மூன்று நாளாகிறது, முழங்காலுக்குக் கீழே படி ஏறிய நோவு இன்னும் போகவில்லை. மலையகத்தில் நாலைந்து நாள் நின்று, தோட்டத்துப் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களே எழுதி வரைந்து கொப்பி அடித்துக் கட்டுகிற ஒரு சின்னப் புத்தகம், ஆங்கிலத்தில் ஸீன் (zine) என்பார்கள், செய்துவிட்டு வரலாம் என்று போனேன். ஓய்வாக இருக்கும், குளிராக இருக்கும், நல்ல தேத்தண்ணி குடிக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். குளிர் மட்டும் சொன்னபடி இருந்தது. ராத்திரிகளில் கொப்பியில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இராது, ஏன் என்பது போகப் போக விளங்கும்.

மார்ச் 6, 2025, வியாழன்: கோட்டை முதல் தலவாக்கலை வரை

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் நடக்கிறது என்று யோசிக்காமல் கிளம்பியது என் பிழை. டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் இந்தப் பாதையில் உட்கார இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம், நான் முன்பதிவும் செய்யவில்லை. விடியக்காலை பொடி மெனிக்கே ரயிலில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். இடம் என்றால் ஒரு கால் வைக்கிற இடம். மற்றக் காலை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மலைக்குப் போகிற வெள்ளை உடுப்புக்காரக் குடும்பம் ஒன்று பக்கத்தில். அதில் ஒரு வயதான அம்மா என்னையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போர்வை கட்டிய மூட்டையைத் தட்டிக்காட்டி "வாடிவென்ன துவே" என்றார், உட்கார் மகளே என்று. கண்டி வரைக்கும் அந்த மூட்டைதான் எனக்குக் கதிரை. வாழையிலையில் சுற்றிய லவாரியா இரண்டு தந்தார், உள்ளே தேங்காயும் பாணியும். என் சிங்களம் அலுவலகச் சிங்களம், கடிதம் எழுதும், கதைக்காது. பையில் என்ன இவ்வளவு பாரம் என்று கேட்டதற்கு "கடதாசி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. உண்மையும் அதுதான், ஏ4 கட்டு இரண்டு.

ஹட்டனில் பெட்டி ஒரேயடியாகக் காலியானது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்து போனேன். சென் கிளயர் அருவி மெலிந்து கிடந்தது. மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகு இப்படித்தான், போதாக்குறைக்கு மார்ச் மாத வெயில் வேறு.

டீச்சர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள், இங்கே எல்லாருக்கும் டீச்சர், இரண்டு நாளில் எனக்கும் டீச்சர் ஆகிவிட்டாள். ஆட்டோ 700 ரூபாய். ஒரு வளைவு வந்ததும் "இதுக்கு மேல வண்டி ஏறாதுங்க" என்று டிரைவர் நிறுத்திவிட்டார். மீதி வழி, தலைக்கு ஒரு கட்டு கடதாசியோடு நடை. ராத்திரி ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும். தேத்தண்ணி சாயம் மட்டுமாக இருந்தது. டீச்சரின் அம்மா, "நல்ல தூளெல்லாம் கொழும்புக்கு ஏலத்துக்குப் போயிருதும்மா, நாங்க கடையில பாக்கெட் வாங்கித்தான் குடிக்கிறோம்" என்றார். கொழும்பிலிருந்து வந்தவள் நான், கையில் ஒரு பாக்கெட் தேயிலை வாங்கி வரத் தோன்றவில்லை.

படுக்கும்போதுதான் நினைவு வந்தது. நீளக் கை ஸ்டேப்ளரை வெள்ளவத்தையில் மேசை மேலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி: காலை பத்து மணி என்று எழுதியிருந்தேன்

நான் போட்ட நிகழ்ச்சி நிரலில் "காலை 10.00, அறிமுகம்" என்று இருந்தது. டீச்சர் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. பத்து மணிக்கு எல்லாரும் மலையில் நிற்பார்கள். நாலரைக்குக் கொழுந்து நிறுத்து, வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பில் உலை வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அனைவரையும் உள்ளடக்கிய பயிலரங்கு என்று நானே பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் வரியிலேயே தோட்டம் முழுவதையும் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

ஆறு மணிக்குத் தொடங்கினோம். முன்பள்ளிக் கட்டடம், பிள்ளைகளின் குட்டிக் கதிரைகள், அதில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்த பதினான்கு பேர். பாதிப் பேர் கொழுந்து பறிக்கிறவர்கள், மீதி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள், பஜாரிலிருந்து டீச்சரிடம் படித்த முஸ்லிம் பிள்ளை ஒன்று. அப்புறம் ஒரு அம்மாயி. அவரை யாரும் கூப்பிடவில்லை, பேத்தியைப் பார்க்க வந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"இன்றைக்கு நாங்கள் ஸீன் செய்யப் போகிறோம்" என்று ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் அமைதி. பின்வரிசையில் ஒரு அக்கா, "சீன் போடப் போறோமா?" என்றார். அவ்வளவுதான், கட்டடம் கிழிந்தது. பிறகு நான் என்ன விளக்கினாலும் எடுபடவில்லை. நாலு நாளும் அது சீன்தான். "அக்கா, என் சீன் முடிஞ்சிருச்சு." "என்னா புள்ள, ரொம்ப சீன் போடுற, எட்டுப் பக்கம் போதாதா?" ஆங்கிலத்தில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். 1930களில் அமெரிக்காவில் அறிவியல் கதைப் பைத்தியங்கள் தாங்களே அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்ட தாள்கள், அதற்கு விசிறி என்ற சொல்லை ஒட்டி ஃபேன்ஸீன் என்று கிடைத்த பெயர், பிறகு 1990களின் தொடக்கத்தில் பாட்டுக்குழு வைத்திருந்த இளம் பெண்கள் போட்டோகொப்பி மெஷினில் அடித்துக் கையோடு கை மாற்றியது என்று. கால்வாசி சொல்வதற்குள் அம்மாயி குறுக்கே வந்தார்.

"பாட்டுப் புஸ்தகம் மாதிரியா?"

எந்தப் பாட்டுப் புத்தகம்?

"எங்கப்பா சம்பளத்தன்னைக்கு பஜாருக்குப் போனா வாங்கிட்டு வருவாரு. ஒருத்தன் நின்னு பாடிக்கிட்டே விப்பான். சல்லிக் காசுதான். கொலை நடந்தாப் பாட்டு, மண் சரிஞ்சாப் பாட்டு. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கிட்டு வந்து யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேப்பாரு."

டீச்சர் மீதியைச் சொன்னாள். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் தொழிலாளர் படுகிற பாட்டையே பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்தும் விட்டார், 1940இல். அவருக்குப் பேர் வைக்க ஆங்கிலச் சொல் எதுவும் தேவைப்படவில்லை. நான் கொண்டுவந்த அறிமுகக் குறிப்பைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தாளை மடிப்போம். ஒரு ஏ4 தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். குறுக்கே ஒருமுறை மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்துக்கு மட்டும் வெட்டு. விரித்தால் நடுவில் வாய் பிளந்த மாதிரி ஒரு கீறல். நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினால் கீறல் விரிந்து சிலுவை மாதிரி நிற்கும், அதைச் சுற்றி மூடினால் எட்டுப் பக்கப் புத்தகம். பின் வேண்டாம், பசை வேண்டாம். கொழும்பில் இதைச் செய்து காட்டும்போது எல்லாரும் ஃபோனில் படம் எடுப்பார்கள். இங்கே யாரும் எடுக்கவில்லை, விரல்கள் ஏற்கெனவே மடிக்கத் தொடங்கிவிட்டன. நாள் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற விரல்களுக்கு ஒரு தாளை மடிப்பது என்ன வேலை. எட்டுக் கட்டத்தில் மேல் வரிசை தலைகீழாக எழுத வேண்டும் என்பதுதான் எல்லாரையும் குழப்பியது, என்னையும் சேர்த்து.

ஆறேகாலைத் தாண்டியதும் பஜார்ப் பிள்ளை ஃபோனைப் பார்த்தாள். நோன்பு திறக்கிற நேரம். யாரும் எதுவும் சொல்லாமலே கத்தரிக்கோல்கள் கீழே போயின, ஒரு அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கியது.

முடியும் தறுவாயில் ஒரு சின்னப் பையன் மூச்சு வாங்க ஓடிவந்து ஒரு கொப்பித் தாளை என்னிடம் நீட்டினான். முன்பக்கம் ஒரு படம், தலையில் கயிற்றைப் போட்டுக் கூடை சுமக்கிற பெண், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம். இவ்வளவு நேரம் வரைந்த எல்லாவற்றையும் விட நல்ல கோடு. பின்பக்கம் ஒரு வரி: "என்னால எறங்கி வர முடியாது. மீட்டிங் மேல வரட்டும்."

மார்ச் 8, சனி: மேடையில் பதின்மூன்று கதிரை

மகளிர் தினம். பிற்பகல் இரண்டு மணிக்கு டவுனில் விழா, தோட்டங்களிலிருந்து ஆள் கூட்டிப்போனார்கள். யார் நடத்தினார்கள் என்பதை விட்டுவிடுவோம், எல்லா விழாவும் ஒரு மாதிரித்தான். மேடையில் பதின்மூன்று கதிரை. டீச்சரிடம் படிக்கிற பிள்ளை ஒன்று கையில் பேனையால் கோடு போட்டு எண்ணியது. பதின்மூன்றில் பெண்கள் இரண்டு பேர். ஒருவர் விளக்கேற்ற, ஒருவர் நன்றியுரை சொல்ல. "பெண் ஒரு பூ" என்று மூன்று பேர் பேசினார்கள். நாலாவது பேச்சாளர் பெண்ணை விளக்கு என்றார், மாற்றத்துக்கு நன்றி. முடிவில் ஆளுக்கொரு ரோஜாவும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு ஒரு சொல் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது 675 ரூவா பெறுமா?" என்றார். விளங்கவில்லை. விழாவுக்கு வருவதற்காக மத்தியானத்தோடு மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு அரைப்பேர்தானாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைக் கணக்கில் பதிவதற்குப் பேர் போடுவது என்று பெயர். முழு நாள் நின்று, கேட்கிற கிலோவும் எடுத்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். 2024 செப்டம்பரிலிருந்து நாட்சம்பளம் 1350 ஆக இருந்தது, அதில் பாதி 675. "பொம்பளைங்க தினத்துக்கு எனக்கு 675 ரூவா செலவு" என்றார், சிரித்துக்கொண்டேதான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தி.

பின்னேரம் மீட்டிங் மேலே போனது. மேல் லயத்துக்கு, மேலே இருக்கிற தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, 112 படி, சில இடத்தில் படி, சில இடத்தில் வெறும் கல். நேற்றுப் படம் அனுப்பிய தங்கச்சிக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் கால்களில் பலமில்லை, இரண்டு கட்டையை ஊன்றி இஸ்தோப்பு, அதாவது வீட்டு வாசல் திண்ணை, வரைக்கும் வருவாள். கீழே இறங்கினால் திரும்ப ஏற்ற நாலு பேர் வேண்டும் என்பதால் பள்ளிக்கூடம் ஓ.எல். (சாதாரண தரம்) பரீட்சையோடு நின்றுவிட்டது. பதினான்கு பேரும் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "நேத்தே வந்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பஜார்ப் பிள்ளையின் உம்மா ஒரு வாளி நோன்புக் கஞ்சி அனுப்பியிருந்தார். 112 படிக்கும் சிந்தாமல் ஏற்றியது அவளுடைய தம்பி, அவன் பேரும் புத்தகத்தில் வரவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஏழு மணிக்கு கரண்ட் போனது. இருட்டில் ஒரு குரல்: "திரும்பவும் குரங்கா?" போன மாதம் 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதிலிருந்து இதுதான் எல்லாருடைய பகிடியும். ஃபோன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இன்னொரு குரங்குக் கதை சொல்லத் தோன்றியது. நியூயோர்க்கில் 1985இல் சில பெண் ஓவியர்கள் கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பெரிய மியூசியத்துக்குள் போய் எண்ணினார்கள். வேறொன்றும் இல்லை, எண்ணினார்கள். நவீன ஓவியப் பகுதியில் பெண்கள் வரைந்தது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை, ஆனால் அங்கே துணியில்லாமல் நிற்கிற உருவங்களில் நூற்றுக்கு 85 பெண்கள். 1989இல் அதையே சுவரொட்டியாக அடித்து, பெண் உள்ளே வருவதற்குத் துணியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மத்தியானம் கையில் கோடு போட்ட பிள்ளை, "நானும் எண்ணினேனே" என்றது. அப்படித்தான் நாலாம் பக்கம் பிறந்தது. பதின்மூன்று கதிரை, பதினொன்றில் மீசை. கீழே இன்னொரு கணக்கு: அவர்களுடைய மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் 46, அவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்கிற பெண்கள் 0.

"முகமூடி எதுக்கு?" என்று தங்கச்சி கேட்டாள்.

யாரென்று தெரிந்தால் அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள் அல்லவா. செத்துப்போன பெண் ஓவியர்களின் பெயரைத்தான் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

"நமக்கும் அதுதான். பேர் தெரிஞ்சா நாளைக்கு ஏறாத மலையாப் பாத்துப் போடுவாங்க."

பேர் போடலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. ஏ.எல். பிள்ளைகள் போட வேண்டும் என்றார்கள், எங்கள் பெயரை நாங்களே ஒளித்தால் யார் சொல்வது என்று. மலைக்குப் போகிறவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டும் நியாயம். நான் நடுவில் ஏதோ சமாதானம் சொல்லப் போய் இரண்டு பக்கத்திடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் சாப்பாட்டுப் பெட்டி அக்காதான், "பாதி போடுங்க. அரைப்பேர்" என்றார். புத்தகத்துக்கும் அதுவே பேராகிவிட்டது.

படி இறங்கும்போது அதே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், கல் வழுக்கும் என்று. "நீங்க யாழ்ப்பாணம்தானே, பேச்சுலயே தெரியுது. எங்க சித்தி மக ஒன்னு பத்து வயசுல அங்க வீட்டு வேலைக்குப் போச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் "ம்" என்றேன். எங்கள் வீட்டிலும் மலைநாட்டுப் பிள்ளை ஒன்று நின்றது, என்னைவிட இரண்டு வயது மூப்பு, என் கொப்பிகளுக்கு உறை போட்டுத் தந்தது அதுதான். தோட்டக்காட்டுப் பிள்ளை என்றுதான் வீட்டில் சொல்வார்கள், என் வாயிலும் அது வந்திருக்கிறது. கூப்பிடுவதற்கு இரண்டெழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அதன் முழுப்பேர் என்னவென்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு: நீலப் பென்சில்

இந்த நாளை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது.

மூன்று ஏ4 தாள், நடுவில் மடித்தால் பன்னிரண்டு பக்கம். எல்லாவற்றையும் ஒட்டி முடித்து பஜாரில் போட்டோகொப்பிக் கடைக்குப் போனோம். தாளின் இரண்டு பக்கமும் அடிக்க 15 ரூபாய், புத்தகத்துக்கு 45, அறுபது புத்தகம், 2700. முதல் பிரதி வந்தது. ஐந்தாம் பக்கம் வெறுமை. ஒன்பதாம் பக்கத்தில் பாதிப் பெண், மீதிப் பெண்ணைக் காணோம். கறுப்பு வெள்ளைக் கொப்பியில் வெளிர் நீலம் விழாது, மெல்லிய பென்சில் கோடும் விழாது. இந்த வேலையில் இறங்கிய முதல் மாதமே எனக்குத் தெரிந்த விஷயம், வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். ஓரத்தில் இடம் விடச் சொல்லவும் மறந்திருந்தேன், மெஷின் விளிம்பைச் சாப்பிட்டதில் வரிகளின் கடைசி எழுத்துகள் போய் "நான் போகமாட்டேன்" என்பது "நான் போகமாட்டே" என்று நின்றது.

கடை வாசலில், காய்கறிச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து ஐந்து பேர் கறுப்புப் பேனையால் கோடுகளின் மேல் திரும்பக் கோடு போட்டோம். பேனை ஒன்று 30 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை, பஜார் நிறைந்த சனம், எல்லாருக்கும் எட்டிப் பார்க்க வேண்டும். கரட் விற்கிற அண்ணன் ஒருவர், "என்னா பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு, தன் குடையை எங்கள் பக்கம் சாய்த்து வைத்தார். பத்து நிமிடத்தில் மழை வந்தபோதுதான் ஏன் என்று விளங்கியது.

இரண்டாவது பிரதியில் பக்கங்கள் இடம் மாறியிருந்தன, அதுவும் என் கைவரிசை. எண்ணிக்கொண்டே திரிகிற பிள்ளைதான் கண்டுபிடித்தது. "அக்கா, ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு நம்பரையும் கூட்டினா 13 வரணும். 12உம் 1உம், 10உம் 3உம். இதுல 9உம் 3உம் இருக்கு." பதினைந்து வருடமாகப் பக்கம் அமைக்கிறேன், ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

ஐந்தாம் பக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அது அம்மாயியின் பக்கம். எழுதத் தெரியாது என்பதால் பேத்தி அவர் கையைத் தாளில் வைத்துச் சுற்றி நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள், அதுதான் காணாமல் போனது. அம்மாயியும் சந்தைக்கு வந்திருந்தார், ஒரு கட்டு லீக்ஸோடு கடைக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைத் தம்பி சும்மா சொன்னான், "ஆள்தான் இங்க இருக்காங்களே, கையையே வைக்கச் சொல்லுங்க."

வைத்தார். கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து, தம்பி மேலே ஒரு துணியைப் போட்டான். பச்சை வெளிச்சம் ஒரு தடவை கையின் அடியில் ஊர்ந்து போனது. "சூடு இல்ல" என்றார் அம்மாயி. வெளியே வந்த தாளை நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். ரேகைகள் ஆறு மாதிரி, அதன் கிளைகள் வெள்ளையாக. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நுனி மட்டும் கறுப்பு, கொழுந்துக் கறை தோல் வெடிப்புக்குள் இறங்கி ஒவ்வொரு வெடிப்பையும் மை விட்ட கோடாக ஆக்கியிருந்தது. வேலையை விட்டு ஐந்து வருடமாம், கறை விடவில்லை. யாராலும் அப்படி வரைய முடியாது.

அம்மாயி தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். 1948இல் சட்டம் போட்டு ஆட்களை நாடற்றவர் ஆக்கிய பிறகு அவருடைய வீட்டுக்காரர்கள் படிவம் படிவமாக அலைந்து, இவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். "எத்தனையோ கடுதாசில கைநாட்டு வச்சிருக்கேன்" என்றார். "முழுக் கையையும் யாரும் கேட்டதில்ல."

தம்பி அந்த ஒரு கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. மீதி 2700ஐயும் ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டான், அது வேறு.

மத்தியானச் சாப்பாடு நாலரைக்கு. மரக்கறிச் சோறு 350, பருப்பில் உப்பில்லை, ஒருவரும் முறையிடவில்லை. பிறகு கட்டுவது. சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது. வெள்ளவத்தை மேசை மேல் இருக்கிற நீளக் கையை நினைத்துக்கொண்டு, ஸ்டேப்ளரை விரித்து அடியில் அழிறப்பரை வைத்துக் குத்திப் பார்த்தேன், பின் நெளிந்தது. மூன்றாவது நெளிந்ததும் ஒரு அக்கா எழும்பிப்போய்க் கோணி ஊசியும் மஞ்சள் நூலும் கொண்டுவந்தார், இடுப்பில் கட்டுகிற படங்கு கிழிந்தால் தைக்கிற ஊசி. நடுவில் மூன்று ஓட்டை, உள்ளே போய் வெளியே வந்து முடிச்சு. அறுபதையும் மேல் லயத்து இஸ்தோப்பில் வைத்துத் தைத்து முடிக்க இரவு பத்தரை. எட்டாம் பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. மலையில் மாதவிலக்கு நாளில் ஒதுங்க இடமில்லாதது பற்றி எழுத மூன்று பேர் முயன்று, மூன்று பேரும் கிழித்துப் போட்டு, கடைசியில் தங்கச்சி ஒரு கதவை வரைந்தாள். சுவர் இல்லை, கூரை இல்லை, தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கிற ஒரு கதவு. அது போதும் என்றார்கள்.

நானும் அரைப்பக்கம் எழுதினேன். கொப்பிகளுக்கு உறை போட்டுத் தந்த பிள்ளையைப் பற்றி. சாப்பாட்டுப் பெட்டி அக்கா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த புத்தகத்தைத் தைக்க எடுத்தார்.

மார்ச் 10, திங்கள்: சம்பள நாள்

பத்தாம் திகதி சம்பளம். அம்மாயியின் அப்பா பாட்டுப் புத்தகம் வாங்கிய அதே நாள்தான் விற்க நல்ல நாள் என்று ஏகமனதாக முடிவானது. விலை 50. உளுந்து வடை 60 விற்கிறது, வடையை விடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. பின்னேரம் நாலரைக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து பெண்கள் வரும் வழியில் நிற்பதாக ஏற்பாடு, ஆனால் நான் அதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். பஜாரில் ஏ.எல். பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் மட்டும் நின்றேன். ஏழு போனது. வாங்கியவர்களில் கரட் அண்ணனும் ஒருவர். "எம் பொண்ணு படிக்கட்டும்" என்றார், பிறகு அங்கேயே நின்று தானே முழுவதும் படித்தார்.

தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ள 112 படியும் ஏறினேன். அடுத்ததற்கு அட்டைப் படம் ஏற்கெனவே தயாராக இருந்தது, கறுப்புப் பேனையில், நாலு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

ஹட்டனில் மாறி கொழும்பு பஸ். கினிகத்தேனை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன், கித்துள்கலவில் மின்விசிறியைத் தேடினேன். தேத்தண்ணிக்கு நிறுத்திய கடையில் பால்தேத்தண்ணி 130 ரூபாய், சீனிப் பாகு, குடித்துத் தொலைத்தேன். அப்போதுதான் டீச்சரின் குரல் செய்தி வந்தது. பின்னால் ஒரே சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், யாரோ "நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்கிறார்கள். நாற்பத்தொன்று விற்றாயிற்று. பேர் போடுகிற கணக்கப்பிள்ளையும் ஒன்று வாங்கினாராம், ஐம்பது ரூபாய் கொடுத்து. நாலாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றாராம். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "என்னா இது, எல்லாம் பாதிப் பேரா இருக்கு? எழுதினது யாரு?" என்று கேட்டாராம்.

ஃபோன் கை மாறியது. சாப்பாட்டுப் பெட்டி அக்காவின் குரல்: "பேர் போடுறது உங்க வேலைதானே ஐயா, நீங்களே முழுசாப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன்."